ஜாமான பிரேக் காலிப்பரைப் பிரித்துச் சீர் செய்வது எப்படி? மெர்சிடிஸ் 240டி, 1982

லாசுப்பேட்டை240 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் டபிள்யூ 123 வரிசையைச் சேர்ந்த 240டி ஒன்று இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது பெய்த மழையில், போர்ட்டிகோவில் நின்ற வண்டியின் நான்கு சக்கரங்களும் பாதியளவு நீரில் மூழ்கின. இன்ஜினுக்குள் நீர் புகவில்லை. வண்டியும் பிறகு ஒழுங்காகவே ஓடியது. அண்மையில் முன்சக்கரங்களுக்குப் புதிய பிரேக் பேட் போட்டோம். அதற்குப் பின்புதான் தொல்லை தொடங்கியது. காலாப்பட்டு வரை போய் வந்தால் வலது முன்சக்கரம் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால் சக்கரத்தைக் கையால் சுற்றவே முடியவில்லை. இடது பக்கமும் ஓரளவு இறுக்கமாகத்தான் இருக்கிறது.

பேட் மாற்றிய பட்டறையில், பேட்களை டிஸ்கின் மேல் அழுத்தும் காலிப்பர்கள் இரண்டும் போய்விட்டன, தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள் என்கிறார்கள். பிரித்துச் சரி செய்ய முடியும் என்றால் நானே செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதுநகர்பட்டறை எழுதியது:

வணக்கம் தம்பி. ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் சக்கரம் இறுகி நிற்பதற்கெல்லாம் காலிப்பர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வண்டியைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தி, பிரேக்கை நன்றாக மிதித்து விட்டுவிட்டு, இறுகிய சக்கரத்தின் காலிப்பரில் உள்ள பிளீடர் நிப்பிளை, அதாவது ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகை, சற்றே திறந்து பாருங்கள். ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் உடனே இளகினால், காலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் நலமாக இருக்கிறது. அழுத்தம் திரும்பிப் போகாமல் எங்கோ அடைபட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸாகத்தான் இருக்கும். பழைய ஹோஸின் உட்பக்கம் உப்பிப் போய்விடும்; காலின் பலத்தால் ஆயில் உள்ளே போய்விடும், ஆனால் திரும்பி வருவதற்கு வழி இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிது போலவே தெரியும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இளகவில்லை என்றால் மட்டுமே காலிப்பரைச் சந்தேகியுங்கள்.

நிப்பிளைத் திறப்பதிலும் கவனம் தேவை. கடற்கரை ஊர்களில் நின்ற வண்டிகளில் அது துருவேறி இறுகியிருக்கும். நேராகத் திருகினால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். நிப்பிளின் துளைக்குள் சரியாகப் பொருந்தும் டிரில் பிட் ஒன்றின் மழமழப்பான அடிப்பகுதியைச் செருகிக்கொண்டு, அறுகோண ஸ்பானரால் முதலில் இம்மியளவு இறுக்கி, அந்தப் பூட்டு உடைந்த பிறகு தளர்த்துங்கள். உள்ளே பிட் இருப்பதால் நிப்பிள் நசுங்காது.

லாசுப்பேட்டை240 எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். இடது பக்கம் நிப்பிளைத் திறந்தவுடன் ஆயில் பீறிட்டது, சக்கரமும் இளகிவிட்டது. வலது பக்கம் நான்கைந்து சொட்டு மட்டும் கசிந்தது. சக்கரம் அசையவே இல்லை. வெளியே வந்த ஆயில் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருந்தது.

முதுநகர்பட்டறை எழுதியது:

அப்படியானால் உங்கள் வண்டியில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. இடது பக்கத்துக்கு ஹோஸ். வலது பக்கத்துக்கு காலிப்பர். ஒரு பக்க ஹோஸ் போயிருந்தால் அதே வயதுள்ள மறுபக்க ஹோஸையும் மாற்றிவிட வேண்டும்; பின்பக்க ஹோஸ்களையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பேட் மாற்றிய பிறகு இது ஏன் நடந்தது என்பதை விளக்குகிறேன், ஏனென்றால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். ஆயில் கசியாமல் பிஸ்டனைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையமான சீலுக்கு வெளியே நீண்டு நிற்கும் அந்தப் பகுதியை டஸ்ட் கவர் என்ற ரப்பர் உறை மட்டுமே காக்கிறது. அந்தக் கவர் வெடித்திருந்தால் மழை நீரும் கடற்காற்றின் உப்பும் உள்ளே புகுந்து, குரோம் பூச்சைத் துளைத்து, பிஸ்டனைச் சுற்றி வளையம் போலத் துரு கட்டிவிடும். பிஸ்டன் அந்த நிலையிலேயே நிற்கும் வரை தொல்லை தெரியாது. தடிமனான புதிய பேட் போடும்போது இடம் உண்டாக்குவதற்காக பிஸ்டனை நெம்பி உள்ளே தள்ளுவார்கள். அப்போது துருப்பிடித்த பகுதி முழுவதும் சீலைக் கடந்து உள்ளே போய் அடைத்துக்கொள்கிறது. அதோடு காலிப்பருக்குள் அடியில் தங்கியிருந்த அழுக்கு ஆயில் குழாய் வழியே பின்னோக்கி ஏறி, பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் வரை போய்விடுகிறது. டஸ்ட் கவரைத் தூக்கி பிஸ்டனைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் தள்ள வேண்டும். தள்ளும்போது பிளீடர் நிப்பிளைத் திறந்து ஆயிலை வெளியே விட வேண்டும். சில நிமிட வேலைதான். ஆனால் அவசரத்தில் எவரும் செய்வதில்லை, அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மஞ்சக்குப்பம்ராஜபாட்டை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பிரேக் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். டபிள்யூ 123 காலிப்பர் இன்றும் வெளிநாட்டில் புதியதாகக் கிடைக்கிறது. முடியாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்து பிரித்துச் சேர்ப்பது தேவையில்லாத ஆபத்து என்பது என் கருத்து.

முதுநகர்பட்டறை எழுதியது:

உங்கள் அக்கறையை மதிக்கிறேன் ஐயா. புதிய காலிப்பர் வாங்குவது தவறே இல்லை. பணமும் காத்திருக்கப் பொறுமையும் இருந்தால் வாங்கலாம். ஆனால் புதுப்பேட்டையிலிருந்து வரும் பழைய காலிப்பரையும் பிரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றக் கூடாது. அதன் வரலாறு நமக்குத் தெரியாது. எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம் என்றால், நம் வண்டியில் இருப்பதையே பிரிப்பது மேல்.

காலிப்பரில் கெட்டுப்போகும் பொருள்கள் மிகக் குறைவு. வார்ப்பிரும்பு உடல் கெடுவது அரிது. சதுர வெட்டுள்ள சீல் சிலிண்டர் சுவரில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு பிஸ்டனின் வெளிப்பரப்பைப் பிடிக்கிறது. ஆகவே சிலிண்டர் சுவரில் லேசான அரிப்பு இருந்தாலும் ஆயில் கசியாது, ஆனால் பிஸ்டனில் சிறு புள்ளி இருந்தாலும் கசியும். பேட்டை டிஸ்கிலிருந்து விலக்குவதும் அதே சீல்தான்: மிதிக்கும்போது சற்றே முறுக்கிக்கொள்ளும், காலை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பி பிஸ்டனை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இழுத்துக்கொள்ளும். சீலின் பள்ளத்தில் துரு படிந்தால் சீல் பிஸ்டன் மேல் இறுகி, இந்த முறுக்கு நடைபெறாது. அதனால்தான் புதிய சீல் போட்ட காலிப்பரும் சில மாதங்களில் மறுபடியும் பிடித்துக்கொள்கிறது. சீலை மாற்றியவர் பள்ளத்தைச் சுத்தம் செய்திருக்க மாட்டார்.

லாசுப்பேட்டை240 எழுதியது:

இப்போது தெளிவாகப் புரிகிறது ஐயா. பிஸ்டனை வெளியே எடுக்க எங்கள் தெருவில் உள்ள பஞ்சர் கடையில் கம்ப்ரசர் காற்றைப் பயன்படுத்தலாமா?

முதுநகர்பட்டறை எழுதியது:

இறுகிய பிஸ்டனுக்குக் கம்ப்ரசர் காற்று வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 57 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 25.5 சதுர செ.மீ.; சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தத்தில் காற்றை விட்டால் பிஸ்டனை 178 கிலோ எடைக்கு நிகரான விசை தள்ளுகிறது. அந்த விசைக்கும் அசையாத பிஸ்டன், திடீரென்று விடுபடும்போது துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். இடையில் விரல் இருந்தால் விரல் மிஞ்சாது. காற்று சுருங்கி விரியக் கூடியது என்பதால்தான் இந்த ஆபத்து. திரவம் அப்படி விரியாது. பிஸ்டன் வெளியே வந்த மறுகணம் அழுத்தம் செத்துவிடும்.

ஆகவே வண்டியின் பிரேக் பெடலையே பயன்படுத்துங்கள். காலிப்பரை அது பொருத்தப்பட்டிருக்கும் ஸ்டியரிங் நக்கிளிலிருந்து கழற்றுங்கள், ஹோஸை மட்டும் கழற்றாதீர்கள். பேட்களை எடுத்துவிட்டு நடுவில் ஒரு மரப்பலகைத் துண்டை வையுங்கள். உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். பைப்பில் 80 பார் அழுத்தம் உண்டானால் பிஸ்டன் மேல் இரண்டு டன் விசை விழும்; எந்தத் துருவும் தாங்காது. இதில் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்கள் இருப்பதால் இளகியிருப்பது முதலில் ஓடி வரும். அதை ஜி கிளாம்ப் போட்டு நிறுத்திவிட்டு இறுகியதை வெளியே வரவழையுங்கள். இரண்டும் விளிம்புக்கு அருகே வந்த பிறகுதான் ஹோஸைக் கழற்ற வேண்டும். ஒன்று முழுவதும் வெளியே விழுந்துவிட்டால் மற்றதற்கு அழுத்தம் கிடைக்காது.

மிதிக்கும்போது பெடலைத் தரை வரை போகவிடாதீர்கள். கீழே ஒரு கட்டையை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் உட்புறத்தில் வழக்கமாகப் புழங்காத பகுதியில் துரு இருக்கும். அதன் மேல் ரப்பர் உராய்ந்தால் மாஸ்டரும் கையை விரித்துவிடும்.

பெடல் வேலை செய்யாத வண்டி என்றால் ஹோஸ் மாட்டும் துளையில் கிரீஸ் நிப்பிளைப் பொருத்தி கிரீஸ் கன்னால் அழுத்தலாம். அது மிகவும் வலுவான முறை. ஆனால் கிரீஸ் ஒரு துளியும் மிஞ்சாமல் கழுவ வேண்டியிருக்கும், பழைய ரப்பர் எதையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

தட்டாஞ்சாவடிலேத் எழுதியது:

நான் தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பிஸ்டனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெளியே வந்த பிஸ்டனைத் துடைத்து வெயிலில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். நகத்தின் நுனியை மேலிருந்து கீழாக இழுத்தால் எங்கும் தடுக்கக் கூடாது. பிறகு சீல் நின்ற இடத்தை, அதாவது கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும் இடத்தை, பூதக் கண்ணாடியில் பாருங்கள். ஊசி முனை அளவு புள்ளிகள் தெரிந்து, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் குரோம் சற்றே உப்பி நின்றால் அந்தப் பிஸ்டன் முடிந்துவிட்டது. எமரி போட்டுத் தேய்த்துக் காப்பாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். குரோம் போன இடத்தில் வெறும் இரும்புதான் இருக்கிறது, அது மறுபடியும் துருப்பிடிக்கும்.

புதிய பிஸ்டன் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்துகொள்ளலாம். துருவே பிடிக்காது என்பது நம் கடற்கரைக்குப் பெரிய வசதி. வெப்பத்தைச் சாதாரண இரும்பைவிடக் குறைவாகவே கடத்தும் என்பதால் ஆயிலுக்கும் நல்லது. ஆனால் லேத்தில் கடைந்த நிலையிலேயே போடக் கூடாது. கருவி போட்ட கோடுகள் சீலை அரம் போல அறுத்துவிடும். கிரைண்டிங் செய்து மெருகேற்ற வேண்டும். சீலுக்குள் நுழையும் விளிம்பை நன்றாகச் சாய்த்து உருட்ட வேண்டும். விட்டத்தைப் பழைய பிஸ்டனில் தேயாத இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்துதான் கொடுக்க வேண்டும். சிலிண்டரை அளந்து கொடுத்தால் தவறாகிவிடும்.

மஞ்சக்குப்பம்ராஜபாட்டை எழுதியது:

காலிப்பரின் இரண்டு பாதிகளையும் போல்ட் கழற்றிப் பிரித்துவிட்டால் உள்ளே சுத்தம் செய்வது எளிதாக இருக்குமே? நீங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

முதுநகர்பட்டறை எழுதியது:

நியாயமான கேள்விதான். பிரிக்காமலே எல்லா வேலையும் செய்ய முடியும் என்பதால் நான் பிரிப்பதில்லை. இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஆயில் கடந்து போகும் துளையைச் சுற்றி ஓ ரிங் என்ற ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கிறது. சாதாரண சீல் கிட்டில் அது வராது. போல்ட்களும் உயர் பலம் கொண்டவை. கடைப் போல்ட்டைப் போட்டு மூடுவது பெருந்தவறு. சேரும் முகத்திலேயே துருவோ கசிவோ இருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்போது சரியான ஓ ரிங், சரியான போல்ட், சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க் (போல்ட்டை இறுக்கும் விசை) அளவு ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

சுத்தம் செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய பேட் தூளில் கல்நார் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாமல் நீரில் நனைத்துத் துடைத்து எடுங்கள். ரப்பர், நிப்பிள், பின் எல்லாவற்றையும் கழற்றிய வெற்று உடலை, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்து அதில் ஊறவையுங்கள். அவ்வப்போது எடுத்துப் பார்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால் சில மணி நேரத்தில் துரு கறுத்து உதிரும். இரவு முழுவதும் மறந்து விட்டுவிடக் கூடாது. நல்ல இரும்பும் அரிக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். போல்ட்களையும் எந்த ஆசிட்டிலும் போடாதீர்கள். உயர் பல எஃகு அதனால் நொறுங்கும் தன்மை பெறும். எடுத்தவுடன் சமையல் சோடா கலந்த நீரில் அலசி, வெந்நீர் ஊற்றி, உடனே உலர்த்துங்கள். நம் ஊர்க் காற்றில் கால் மணி நேரம் ஈரமாகக் கிடந்தால் செம்மண் நிறம் ஏறிவிடும்.

அடுத்தது சீல் பள்ளம். முனையை வளைத்த பித்தளைக் கம்பியாலோ, பல் மருத்துவர் பயன்படுத்தும் கொக்கியாலோ, பள்ளத்தின் அடித்தளத்தையும் இரண்டு மூலைகளையும் சுற்றிச் சுற்றிச் சுரண்டுங்கள். அங்கே இருப்பது சுண்ணாம்பு போல இறுகிய துரு. ஒரே வீச்சில் வராது, செதில் செதிலாகத்தான் வரும். விளிம்பைக் கீறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் பள்ளத்தின் அடியில் வெள்ளி நிற இரும்பு முழு வட்டமாகத் தெரிய வேண்டும். டஸ்ட் கவர் உட்காரும் விளிம்பையும் அப்படியே செய்யுங்கள். இந்த வேலைக்கு அரை நாள் ஒதுக்கினாலும் தகும்.

லாசுப்பேட்டை240 எழுதியது:

வலது காலிப்பரின் இரண்டு பிஸ்டன்களும் பெடல் முறையிலேயே வந்துவிட்டன ஐயா. உள்பக்கப் பிஸ்டனில் லேத் ஐயா சொன்னது போலவே உப்பிய புள்ளிகள் வளையமாக இருக்கின்றன. வெளிப்பக்கப் பிஸ்டன் நன்றாக இருக்கிறது. இரண்டையும் மாற்றிவிடப் போகிறேன். சீல் கிட் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? கழுவுவதற்குப் பெட்ரோல் போதுமா?

முதுநகர்பட்டறை எழுதியது:

இந்த வரிசை வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் காலிப்பர்கள் பொருத்தப்பட்டன. உங்கள் காலிப்பரின் உடலில் ஏ.டி.இ. என்றோ பெண்டிக்ஸ் என்றோ வார்ப்பிலேயே எழுதியிருக்கும். பிஸ்டன் விட்டத்திலும் 57, 60 என்று வேறுபாடு உண்டு. வண்டி மாடலைச் சொல்லி வாங்காமல், உடலில் உள்ள பெயரையும் அளந்த விட்டத்தையும் சொல்லி வாங்குங்கள்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றும் கூடாது. இன்றைய பிரேக் சீல்கள் ஈ.பி.டி.எம். என்ற ரப்பரால் ஆனவை. கனிம எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். இன்று கச்சிதமாக உட்கார்ந்த சீல் ஒரு மாதத்தில் பருத்துப் பிஸ்டனை இறுக்கும். வண்டிக்காரர் மறுபடியும் துரு என்று நினைப்பார். பிரேக் கிளீனரால் கழுவுங்கள், இல்லையென்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். கடைசியாகப் புதிய பிரேக் ஆயிலால் அலசுங்கள். டஸ்ட் கவருக்குள் தடவ சிவப்பு ரப்பர் கிரீஸ் என்று தனியாகக் கிடைக்கிறது. பேரிங் கிரீஸ் தடவக் கூடாது.

பழைய மெக்கானிக்குகள் விளக்கெண்ணெய் தடவி மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் காரணம் உண்டு. தொடக்க கால பிரேக் ஆயிலே ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். அது ரப்பரைக் கெடுக்காது. அவர்கள் அறிந்தே செய்தார்கள். ஆனாலும் இன்று வழக்கமாக ஊற்றும் கிளைகால் வகை பிரேக் ஆயிலோடு அதைக் கலக்க வேண்டாம். பொருத்தும்போது தடவுவதற்கு, ஊற்றப் போகும் அதே பிரேக் ஆயிலே போதுமானது.

சீலைப் பள்ளத்தில் வைத்து விரலால் சுற்றி வந்து எங்கும் முறுக்கு இல்லை என்று பாருங்கள். பிஸ்டனைக் கைப்பெருவிரல்களால் நேராக அழுத்தினால் சீராக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சுத்தியலைத் தேடாதீர்கள். வெளியே எடுத்து மறுபடியும் பள்ளத்தைப் பாருங்கள். ஏ.டி.இ. பிஸ்டனின் முகத்தில் ஒரு பகுதி படி போல வெட்டப்பட்டிருக்கும். அது 20 பாகை கோணத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் கீச்சிடும். பழையது நின்ற நிலையைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

வண்டியில் மாட்டும்போது பிளீடர் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். வலதும் இடமும் மாறிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும். எவ்வளவு நேரம் ஏர் எடுத்தாலும், அதாவது நிப்பிள் வழியே காற்றை வெளியேற்றினாலும், காற்று மேலேயே தங்கி, பெடல் பஞ்சு போல இறங்கும். இரண்டு காலிப்பர்களையும் ஒரே நேரத்தில் கழற்றும்போது இது எளிதாக நடந்துவிடும்.

லாசுப்பேட்டை240 எழுதியது:

வேலை முடிந்தது. நான்கு ஹோஸ்களும் மாற்றிவிட்டேன். இடது காலிப்பரையும் பிரித்துச் சீல் மாற்றினேன். அதன் பிஸ்டன்கள் இரண்டும் பழுதில்லாமல் இருந்தன. ஆயில் முழுவதையும் வடித்துப் புதியது ஊற்றி, மாஸ்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்தோம். பேட் பதிவதற்காகக் காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை மிதமாகக் குறைப்பதும், இடையில் ஆறவிடுவதுமாக மரக்காணம் திசையில் ஓட்டினேன். நிறுத்தி வெப்பமானியால் பார்த்தபோது இரண்டு முன் டிஸ்குகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கையால் தள்ளினாலே வண்டி உருள்கிறது. அனைவருக்கும் நன்றி.

பாகூர்ஏரிக்கரை எழுதியது:

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வந்தேன். எங்கள் வண்டியும் மாதக்கணக்கில் நிற்பதுதான். ஈரத்தை இழுக்காத சிலிக்கான் ஆயிலான டாட் 5 ஊற்றிவிட்டால் இந்தத் துருத் தொல்லையே வராது என்கிறார்களே, உண்மையா?

முதுநகர்பட்டறை எழுதியது:

பாதி உண்மை. சிலிக்கான் ஆயில் ஈரத்தை இழுக்காது. ஆனால் எப்படியோ உள்ளே புகும் நீர் அதில் கரையாமல் தனித் துளியாகத் தாழ்ந்த இடத்தில் போய் உட்காரும். தாழ்ந்த இடம் காலிப்பர்தான். மேலும் கிளைகால் ஆயிலோடு அது கலக்காது. மாற்ற வேண்டுமென்றால் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றி, பைப் முழுவதையும் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கட்டும் வண்டிக்கு மட்டும் அதை யோசிக்கலாம். டாட் 5.1 என்பது வேறு. பெயர் ஒத்திருந்தாலும் அது கிளைகால் வகையே. புதுச்சேரிப் பக்கம் பழைய சித்ரோன் வைத்திருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், எல்.எச்.எம். என்ற பச்சை நிற ஆயிலுக்குக் கட்டிய வண்டிகளில் இங்கே சொன்ன ஆயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள்; அது கனிம எண்ணெய், அதன் சீல்களும் வேறு.

உங்கள் வண்டிக்கு நான் கிளைகால் வகையான டாட் 4 போதும் என்பேன். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை, 3.7 விழுக்காடு நீர் ஏறிய நிலையில் 155 ஆக இறங்கிவிடும். மூடியைத் திறந்து பல மாதங்கள் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றக் கூடாது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுங்கள். முடிந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, ஐப்பசி பிறப்பதற்குள் செய்துவிடுங்கள். நிறுத்தி வைத்திருக்கும் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்து, ஒரு வண்டி நீளமாவது முன்னும் பின்னும் உருட்டுங்கள். கை பிரேக்கைப் போட்டுவிட்டு நிறுத்தாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், ஏனென்றால் டபிள்யூ 123 போன்ற வண்டிகளில் கை பிரேக்கின் ஷூ பின் டிஸ்கின் உள்ளேயே இருக்கிறது, அது பிடித்துக்கொண்டால் டிஸ்கையே கழற்ற முடியாது.